பாண்டிக்கு வருகிறவர்களிடம் பசுமை வரி: எந்த வாசலில் வாங்குவது, எந்தக் கணக்கில் போடுவது?

"பாண்டிக்கு வருகிற ஒவ்வொரு காருக்கும் நூறு ரூபாய் போட்டுவிட வேண்டியதுதானே?" என்ற பேச்சு கடலூர், பாண்டிப் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும். ஒயிட் டவுனில் தன் வீட்டு வாசலை அடைத்து நிற்கும் வெளியூர் வண்டியைப் பார்க்கிறவர் கேட்பார், ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் சனிக்கிழமை மதியம் மாட்டிக்கொண்டவர் கேட்பார். திங்கட்கிழமை விடியலில் கடற்கரைச் சாலைப் பாறை இடுக்குக்குள் கையை விட்டுத் தண்ணீர்ப் பாட்டிலையும் சோளக்கட்டையையும் ஐஸ்கிரீம் கப்பையும் ஒவ்வொன்றாக இழுத்துப் போடுகிற துப்புரவுத் தொழிலாளி கேட்டு நான் பார்த்ததில்லை, ஆனால் கேட்க முதல் உரிமை அவருக்குத்தான் உண்டு.

கேள்வி நியாயமானதுதான். வருகிறவர் தண்ணீர் செலவழிக்கிறார், குப்பை போடுகிறார், சாலையை நிரப்புகிறார், லாபம் ஓட்டலுக்கும் மதுக்கடைக்கும் போகிறது, சுத்தம் செய்கிற செலவு மட்டும் ஊர்க்கணக்கில் விழுகிறது. அவரும் கொஞ்சம் கொடுக்கட்டும் என்பதில் என்ன தப்பு? உலகத்தில் எத்தனையோ ஊர்கள் இதைச் செய்துவிட்டன. அவற்றில் சில உருப்பட்டன, சில வெறும் வசூலாக நின்றுவிட்டன, ஒன்று வந்த வேகத்திலேயே போய்விட்டது. எவ்வளவு வாங்கினார்கள் என்பதை வைத்து இதைப் புரிந்துகொள்ள முடியாது. எந்த வாசலில் வாங்கினார்கள், வாங்கியது எந்தக் கணக்கில் போய் உட்கார்ந்தது, இந்த இரண்டையும் பார்த்தால் முக்கால்வாசி விஷயம் விளங்கிவிடும்.

வாசலை முதலில் பார்ப்போம். மாலத்தீவில் 2015 நவம்பரிலிருந்து ரிசார்ட்டில் தங்குகிறவர் ஒவ்வொருவரும் ஓர் இரவுக்கு 6 டாலர் பசுமை வரி கட்டினார்கள், 2025 ஜனவரி 1 முதல் அது 12 டாலர். அங்கே பெரும்பாலும் ஒரு ரிசார்ட் என்றால் ஒரு தீவு, யாரும் பின்வாசல் வழியாக நழுவ முடியாது. ரிசார்ட்டே பில்லில் சேர்த்து வாங்கி அரசுக்குக் கட்டிவிடும். ஈக்குவடாரின் கலாபகோஸ் தீவுகளிலும் அப்படித்தான், இறங்குகிற விமான நிலையத்திலேயே வெளிநாட்டுக்காரர் 200 டாலரை எடுத்து வைக்க வேண்டும். 2024 ஆகஸ்ட்டுக்கு முன் அது 100 டாலர். சொந்த நாட்டுக்காரருக்குத் தொகை மிகவும் குறைவு.

இதற்கு நேர்மாறு பாலி. 2024 பிப்ரவரி 14-இல் வெளிநாட்டவர் தலைக்கு 1,50,000 ருபியா என்று ஆரம்பித்தார்கள், நம் பணத்தில் ஆயிரத்துக்குள்தான் வரும். செயலியிலோ இணையத்திலோ கட்டிவிட்டு வரச் சொன்னார்கள், ஆனால் கட்டினாயா என்று வாசலில் மறித்து எல்லாரையும் கேட்கவில்லை. விளைவு, முதல் வருஷம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் கட்டினார். அதுவும் தீவுதான், விமான நிலையமும் இருக்கிறது, இருந்தும் ஓட்டை.

வெனிஸ் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அந்த ஊரின் தலைவலியும் காலையில் வந்து மாலையில் திரும்புகிற கூட்டம்தான். இரவு தங்குகிறவர் ஓட்டலில் ஏற்கெனவே தங்கல் வரி கட்டுகிறார், தங்காமல் போகிறவர் ஒன்றும் கட்டுவதில்லை. அதனால் 2024 ஏப்ரல் 25-இல் தொடங்கி, கூட்டம் நெரிகிற 29 நாட்களுக்கு மட்டும், பகல் பயணிகளிடம் 5 யூரோ வாங்கினார்கள். சுமார் 24 லட்சம் யூரோ சேர்ந்தது, கூட்டம் சொல்லும்படியாகக் குறையவில்லை. ஐந்து யூரோவுக்குப் பயந்து வெனிஸைப் பார்க்காமல் யார் வீட்டில் இருப்பார்கள்? அடுத்த வருஷம் நாட்களை 54 ஆக்கி, கடைசி நேரத்தில் பதிவு செய்கிறவருக்கு 10 யூரோ என்று ஏற்றினார்கள். கூட்டத்தைக் குறைக்கவா, பணம் திரட்டவா என்பதை முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் இப்படித்தான் ஆகும். கூட்டம் குறைய வேண்டுமானால் தொகை வலிக்க வேண்டும். பணம் சேர வேண்டுமானால் வலிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்காது.

வலிக்க வைத்துப் பார்த்தது பூட்டான். 2022 செப்டம்பரில் கொரோனாவுக்குப் பிறகு கதவைத் திறந்தபோது ஓர் இரவுக்கு 200 டாலர் என்று உயர்த்தினார்கள், வருகிறவர் எண்ணிக்கை எழவே இல்லை, ஓட்டல்காரரும் வழிகாட்டிகளும் புலம்ப, ஏறக்குறைய ஒரு வருஷத்தில் 100 டாலராகப் பாதியாக்கிவிட்டார்கள். நம்மவர்களுக்கு அங்கே தனிக் கணக்கு, ஓர் இரவுக்கு 1,200 ரூபாய்.

வந்த வேகத்தில் போனது என்றேனே, அது ஸ்பெயினின் பாலியாரிக் தீவுகள். 2002-இல் சுற்றுச்சூழல் வரி போட்டார்கள், ஓட்டல் முதலாளிகள் கொதித்தார்கள், ஆட்சி மாறியது, 2003-இல் வரியை எடுத்துவிட்டார்கள். பதின்மூன்று வருஷம் கழித்து 2016-இல் அதே வரி வேறு பெயரில் திரும்ப வந்து இன்றும் ஓடுகிறது. ஆட்சி மாறினால் வரி மாறும் என்பது நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய செய்தி இல்லை. 2020 மே மாதம், தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் எல்லை தாண்டி வரக் கூடாதென்று புதுச்சேரியில் மது விலையைத் தமிழ்நாட்டு விலைக்குச் சமமாக ஏற்றி கொரோனா வரி போட்டார்களே, அது அடுத்த வருஷமே கழன்றுகொண்டது.

இனி கணக்கு. இது பலருக்கும் சலிப்பான இடம், எனக்கு இதுதான் சுவாரசியமான இடம். அரசு நம்மிடம் வாங்குகிற பணத்தில் வரி வேறு, கட்டணம் வேறு. வரியாக வாங்கினால் அது அரசின் பொதுக் கஜானாவான தொகுப்பு நிதியில் போய்க் கலந்துவிடும், அதற்கப்புறம் அது சம்பளமாகவும் போகலாம், இலவச அரிசியாகவும் போகலாம், வட்டியாகவும் போகலாம். கட்டணம் என்றால் கட்டுகிறவருக்கோ அந்த இடத்துக்கோ செய்கிற வேலையோடு அது பொருந்தி நிற்க வேண்டும். இந்த வித்தியாசத்தை உச்ச நீதிமன்றம் தெளிவாகப் பேசியது 1954-இல், அதுவும் அன்றைய சென்னை மாகாணத்து வழக்கில், சிரூர் மடம் வழக்கு என்பார்கள். 1951-இன் இந்து அறநிலையச் சட்டப்படி மடங்களிடமும் கோயில்களிடமும் அரசு ஒரு தொகை வசூலித்தது, கட்டணம்தான் என்று சொல்லியே வசூலித்தது. பணம் பொதுக் கணக்கில் போய்க் கலக்கிறது, செய்கிற வேலைக்கென்று தனியாக ஒதுக்கவில்லை, ஆகவே இது வரிதான், இப்படி வரி போட மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. பிற்காலத் தீர்ப்புகள் பைசா பைசாவாகப் பொருந்த வேண்டியதில்லை என்று கொஞ்சம் தளர்த்தியிருக்கின்றன. ஆனாலும் ஒரு வசூல் சட்டப்படி நிற்குமா விழுமா என்பதற்கு, பணம் போய் உட்காருகிற இடத்துக்கும் பங்கு உண்டு.

இதைப் புதுச்சேரியில் பொருத்திப் பார்த்தால்தான் முடிச்சுகள் தெரியும். ஓட்டல் அறைக்கு வரி போடுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. முன்பு தமிழ்நாட்டில் விடுதி அறைகளுக்கு ஆடம்பர வரி இருந்தது, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அது அதற்குள் கரைந்தது. அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலிலிருந்து ஆடம்பர வரி என்ற சொல்லே போய்விட்டது, கேளிக்கை வரி மட்டும் மிச்சம், அதுவும் ஊராட்சியோ நகராட்சியோ போட்டு வசூலித்தால்தான். ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். அதில் மாநிலப் பங்கு புதுச்சேரிக்கும் வரத்தான் செய்கிறது, ஆனால் கடற்கரைக்கென்று ஒரு ரூபாயும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. புதிதாக எந்த வரி போடுவதானாலும், யூனியன் பிரதேசமான இங்கே துணைநிலை ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் மசோதாவைச் சட்டமன்றத்தில் வைக்கவே முடியாது.

சரி, நகராட்சி போடட்டும் என்றால் அங்கே இன்னொரு முடிச்சு. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல். அதற்கு முன் நடந்தது 1968-இல். 2006-இல் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது, 2021-இல் அறிவித்த தேர்தலும் நின்றுபோனது. கவுன்சிலரே இல்லாமல் அதிகாரிகளை வைத்து ஓடுகிற நகராட்சிகள், வருகிறவர்களிடம் சுற்றுச்சூழல் பேரில் பணம் வாங்கினால், அது எங்கே போனது என்று எழுந்து கேட்க அந்த மன்றத்தில் யார் இருக்கிறார்கள்? என்னைக் கேட்டால் பசுமை வரிக்கு முன்னால் தீர்க்க வேண்டிய பிரச்சினை இதுதான், ஆனால் இதைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பதில்லை.

அதற்கப்புறம் வாசல். நீலகிரி மலை, ஏறுகிற பாதைகள் எண்ணிச் சொல்லும்படி இருக்கின்றன, அங்கே சோதனைச் சாவடியில் வண்டிக்குப் பசுமை வரி வாங்க முடிகிறது. சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது, 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையே வைத்தார்கள். பாண்டியில் அது நடக்குமா? இ.சி.ஆரில் கனகசெட்டிக்குளம், திண்டிவனம் சாலையில் கோரிமேடு, விழுப்புரம் சாலையில் மதகடிப்பட்டு, கடலூர் சாலையில் முள்ளோடை என்று பெரிய வாசல்களைச் சொல்லிவிடலாம். ஆனால் புதுச்சேரி என்பது ஒரே துண்டு நிலம் கிடையாது, தமிழ்நாட்டுக்குள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கிற கொம்யூன்கள் (பிரெஞ்சுக் காலத்திலிருந்து வரும் நிர்வாகப் பிரிவுகள்) அது. ஒரு ஊரின் இந்தத் தெரு புதுச்சேரி, அந்தத் தெரு கடலூர் மாவட்டம் என்பது இங்கே சாதாரணம். கடலூரிலிருந்து தினமும் ஜிப்மருக்கும் கல்லூரிக்கும் கடைவேலைக்கும் போகிற ஆயிரக்கணக்கானவர்களைச் சுற்றுலாக்காரர்களிடமிருந்து சாவடியில் எப்படிப் பிரிப்பது? வண்டி எண்ணை வைத்துப் பிரித்தால், முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போகிற டி.என். 31 (கடலூர்) வண்டிக்காரர் சண்டைக்கு வருவார், வர வேண்டியதும்தான்.

தங்குகிறவரிடம் வாங்கினால் பகலில் வந்து போகிறவர் தப்பிவிடுவார், பாண்டிக்கும் கடலூர் தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரைக்கும் (சில்வர் பீச்) பாரம் ஏற்றுகிறவர்களில் பெரும்பகுதி அவர்கள்தான். பண்ருட்டியிலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் பஸ் ஏறி, புளியோதரையைத் தூக்கில் கட்டிக்கொண்டு தேவனாம்பட்டினத்துக்கு வருகிற குடும்பத்திடம் தலைக்கு ஐம்பது ரூபாய் கேட்டால் அடுத்த ஞாயிறு அவர்கள் வர மாட்டார்கள். பன்னிரண்டாயிரம் ரூபாய் அறையில் தங்குகிறவருக்கு அதே ஐம்பது ரூபாய் கண்ணிலேயே படாது. அதனால் தலைக்கு வாங்குவதைவிட காருக்கு வாங்குவது நியாயம். நிறுத்துகிற இடத்தில் வாங்குவது சுலபமும்கூட. சனி ஞாயிறு ஒயிட் டவுனுக்குள் நிறுத்த நல்ல கட்டணம், வெளியே நிறுத்திவிட்டு நடந்தோ மின்சார வண்டியிலோ வந்தால் சொற்பக் கட்டணம். இதற்குப் புதுச் சட்டம்கூட அவ்வளவாகத் தேவைப்படாது. குப்பைக்கும் அப்படித்தான், குப்பை உண்டாக்குகிறவரிடம் பயன்பாட்டுக் கட்டணம் வாங்க 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே உள்ளாட்சிக்கு வழி கொடுத்தன. ஓட்டல், ரெஸ்டோபார், கல்யாண மண்டபம் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

ஆனால் இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். இந்தக் கடற்கரைக்கு நேர்ந்த பெரிய சேதங்களைச் செய்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் கிடையாது. பாண்டியில் காந்தி சிலைக்கு முன்னால் மணல் இருந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1980-களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர்களை நீட்டினார்கள். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் கொஞ்சம் திரும்பும். கல்சுவர் அதை மறித்ததும் தெற்குப் பக்கம் மணல் சேர்ந்தது, வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று கரை அரிக்க ஆரம்பித்தது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள், கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. நகர்ந்து நகர்ந்து தமிழ்நாட்டுக்குள் போய்விட்டது. செரினிட்டி பீச் என்று எல்லாரும் படம் போடுகிறார்களே, அது தந்திராயன்குப்பம், விழுப்புரம் மாவட்டம். அதற்கும் வடக்கே பொம்மையார்பாளையத்தில் மீனவர்கள் வீட்டை இழந்திருக்கிறார்கள். புதுச்சேரி தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இரும்பாலான செயற்கைத் திட்டு ஒன்றை வைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்பியது, அந்த மணலில்தான் இன்று சுற்றுலாக்காரர்கள் செல்ஃபி எடுக்கிறார்கள். துறைமுகத்தால் போன மணலுக்குச் சென்னைப் பையனிடம் பசுமை வரி வாங்குவது எந்த ஊர் நியாயம்? கடலூர் சிப்காட் ரசாயன ஆலைகள் உப்பனாற்றுக்கும் குடிகாடு பக்கத்து நிலத்தடி நீருக்கும் செய்ததைச் சில்வர் பீச்சில் சுண்டல் தின்கிறவரிடம் வசூலிக்க முடியுமா? கெடுத்தவர் கட்டட்டும் என்பது பசுமைத் தீர்ப்பாயத்தின் சட்டத்திலேயே இருக்கிற கொள்கை. அந்தக் கணக்கை அங்கேதான் தீர்க்க வேண்டும், சுற்றுலா வரியைக் காட்டி அதை மூடிவிடக் கூடாது.

அப்படியானால் வருகிறவரிடம் எங்கே வாங்கலாம்? வாசலும் இருந்து, கெடுதலும் நேரடியாகத் தெரிந்து, பணம் செலவாகிற வேலையும் கண்முன் இருக்கிற இடம் ஒன்று கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளைக்குப் பக்கத்தில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிச்சாவரம். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்புநிலம், சுமார் 1,479 ஹெக்டேர். படகுத்துறையைத் தாண்டாமல் சுற்றுலாக்காரர் யாரும் சுரபுன்னைக் காட்டுக்குள், அதாவது அலையாத்திக் காட்டுக்குள், போக முடியாது. டிக்கெட் ஏற்கெனவே வாங்குகிறார்கள். துடுப்புப் படகு, மோட்டார் படகு என்று பிரிவும் இருக்கிறது, மோட்டார் படகு எழுப்புகிற அலை ஒடுக்கமான வாய்க்கால்களின் கரைமண்ணைத் தின்னும் என்பதால் பாதுகாப்புக் கட்டணத்தை அதற்கு மட்டும் கூடுதலாக வைக்கலாம்.

செலவு எதற்கு என்பதிலும் அங்கே மழுப்ப வேண்டியதில்லை. முன்காலத்தில் மொத்தமாக மரம் வெட்டிய இடங்களில் தரை தாழ்ந்து, கடல்நீர் வந்து தேங்கி, வெயிலில் வற்றி உப்பு பாரித்து, ஒரு செடியும் முளைக்காமல் கிடந்தது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்தாரோடு சேர்ந்து, நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள் என்று மீன்முள் வடிவத்தில் வெட்டி, ஏற்ற நீர் உள்ளே வந்து இறக்கத்தில் வடிந்துபோகும்படி செய்தார்கள். அப்புறம்தான் கன்றுகள் பிடித்தன. 2004 சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைந்ததைப் பிறகு எல்லாரும் எழுதினார்கள். அவ்வளவாக யாரும் எழுதாதது, வாய்க்கால்கள் வண்டல் சேர்ந்து தூர்ந்துபோகும் என்பதும், அவற்றைத் திரும்பத் திரும்பத் தூர்வார வேண்டும் என்பதும். வெட்டுகிற வருஷம் திட்டப் பணம் வரும், தூர்வாருகிற வருஷம் யாரும் கொடுக்க மாட்டார்கள், ரிப்பன் வெட்ட அதில் ஒன்றும் இல்லை. படகு டிக்கெட்டில் பத்தோ இருபதோ ரூபாய் தனியாக எடுத்து, பொதுக் கணக்கில் கலக்காமல், தூர்வாரவும் அந்த வேலையைக் காட்டுக்குள் கையால் இறால் பிடித்துப் பிழைக்கிற இருளர் குடும்பங்களுக்கே கூலியாகக் கொடுக்கவும் வைத்தால், கட்டுகிறவர் படகிலிருந்தே தன் பணம் செய்த வேலையைப் பார்க்கலாம். கலாபகோஸில் 1998 சட்டம் பூங்காவுக்கு இவ்வளவு, நகராட்சிகளுக்கு இவ்வளவு என்று சட்டத்திலேயே பங்கு பிரித்து எழுதியது. இங்கே சட்டம்கூட வேண்டாம், சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் வனத்துறையும் உட்கார்ந்து பேசி ஒரு அரசாணை போட்டால் போதும். இரண்டு துறைகள் உட்கார்ந்து பேசுவது எவ்வளவு சுலபம் என்பது தனிக் கதை.

இதே முறை நோணாங்குப்பம் சுண்ணாம்பாறு படகுக் குழாமுக்கும் பொருந்தும், பாரடைஸ் பீச்சுக்குப் போகிற படகுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரை 2021-இல் நீலக்கொடி என்ற சர்வதேசக் கடற்கரைத் தரச்சான்று வாங்கியது, அதை வைத்துக்கொள்ளத் தண்ணீர்ச் சோதனை, கழிப்பறை, காவல் என்று ஓயாத செலவு, அங்கும் எல்லை கட்டிய வாசல் இருக்கிறது.

மிச்சம் இருப்பது பாட்டில். மணலில் உடைந்து கிடக்கிற பீர் பாட்டில் எந்த வரிக்கும் அசையாது, ஏனென்றால் வரி கட்டியவர் உடைக்கலாம் என்றுதான் நினைப்பார். இதற்கு முன்பணம்தான் சரி. காட்டில் விலங்குகளின் காலைக் கிழிக்கிறது என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் சொல்லி, 2022 மே முதல் நீலகிரி டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் போனது. குடித்தவர் விட்டுவிட்டுப் போனாலும் பத்து ரூபாய்க்காக வேறொருவர் பொறுக்கிவிடுவார். புதுச்சேரியில் கடைகள் பெரும்பாலும் உரிமம் பெற்ற தனியாருடையவை, ஒரே நிறுவனம் கிடையாது, அதனால் எந்தக் கடையில் வாங்கினாலும் எந்தக் கடையிலும் திருப்பலாம் என்று கலால் துறை விதி போட வேண்டியிருக்கும். அது போட்டாலும் பாதிதான் தீரும். பாண்டியில் வாங்கிய பாட்டில் முள்ளோடையைத் தாண்டி வந்து தேவனாம்பட்டினத்து மணலில் உடைகிறது, அதில் ஒட்டியிருக்கும் முன்பண ஸ்டிக்கரைக் கடலூர் டாஸ்மாக்கில் நீட்டினால் சிரிப்பார்கள், பாட்டில் உள்ளே எப்படி வந்தது என்று விசாரணையும் வரலாம். இரண்டு அரசுகளும் ஒரே ஸ்டிக்கரை ஒப்புக்கொண்டால்தான் அந்தப் பத்து ரூபாய் வேலை செய்யும்.